முதல் பலகையின் தலைமாட்டு மூலை

தெலுங்கு பேசும் இந்த நகரத்தில், நாச்சாரம் பேட்டையில் நான் வேலை பார்க்கும் இடத்தில் ஸ்கேன் மெஷினுக்குப் பலகை செய்கிறார்கள். நோயாளியைப் படுக்கவைத்து மெஷினின் வட்டத்துக்குள் தள்ளுவார்களே, அந்தப் பலகை. நடுவில் நுரை, மேலும் கீழும் கார்பன் துணி, எல்லாவற்றையும் பிடித்து வைக்கப் பிசின். தூக்கினால் கனமே தெரியாது. மேலே எவ்வளவு பெரிய ஆள் படுத்தாலும் வளையக் கூடாது. இதில் என் வேலை, பலகையைத் தொடாமல் உட்கார்ந்திருப்பது. கணினிக்குள் அதே மாதிரி ஒரு பலகையை உருவாக்கி, அதைப் பொய்யாகச் சூடாக்கி, பொய்யாக ஆறவிட்டு, வெப்பம் எந்த வழியாகப் போகிறது என்று கணக்குப் போடுவேன்.

ஹப்சிகுடாவில் இருக்கும் எங்கள் வீட்டில் இதை விளக்கப் பார்த்துக் கைவிட்டுவிட்டேன். என் கணவர் சொந்தக்காரர்களிடம் "பலகைக்கு ஜுரம் பாக்கற வேலை" என்று சொல்லி வைத்திருக்கிறார். கோயம்புத்தூரிலிருந்து மாமியார் ஃபோனில், "அப்ப நர்ஸாட்டமா கண்ணு?" என்று கேட்டார். "ஆமாங்கத்தை" என்று சொன்னேன். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் என் மகன், "டேப்லெட் இச்செய்" என்றான். மாத்திரை கொடுத்துவிடு, முடிந்தது. குடும்பத்தில் அவன் ஒருவன்தான் சிகிச்சை வரைக்கும் யோசித்தவன்.

ஜுரம் பார்ப்பது என்பதும் தப்பான விளக்கம் இல்லை. பலகை தயாரானதும் பரிசோதனை அறையில் சாய்த்து நிறுத்துவார்கள். பளபளவென்று இருந்தால் எதிரே நிற்கிற ஆளின் உடம்புச் சூடுகூட அதில் தெரியும் என்பதால், கழுவினால் போய்விடுகிற கறுப்புப் பெயின்ட் அடிப்பார்கள். கல்யாண வீடியோக்காரர்கள் வைத்திருப்பது போன்ற விளக்குகளைக் கொஞ்சம் எரியவிட்டு அணைப்பார்கள். பலகை ஆறுவதை வெப்பத்தைப் பார்க்கும் கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். உள்ளே எல்லாம் ஒழுங்காக ஒட்டியிருந்தால் வெப்பம் அடியில் இறங்கிப் போய்விடும். எங்காவது ஒட்டாமல் இருந்தால், முட்டுச்சந்தில் நுழைந்த ஆட்டோ மாதிரி அங்கேயே நிற்கும். மேலே அந்த இடம் மட்டும் சூடாக, திரையில் வெள்ளைத் திட்டாகத் தெரியும்.

எங்கள் பரிசோதகர் ராமச்சந்திராபுரம் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் வெல்டிங்கைப் பார்த்துப் பார்த்தே ஓய்வு பெற்றவர். நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வருவதால், காலையில் உள்ளே நுழையும்போதே அன்றைய வேலையை முடித்துவிட்ட களைப்பு முகத்தில் இருக்கும். விளக்கு அணைந்த உடனே படத்தை நிறுத்திப் பார்ப்பது அவர் வழக்கம். அப்போதுதான் படம் பளிச்சென்று இருக்கும். அதற்கப்புறம் மங்கிக்கொண்டே போகும். மங்கலான படத்தில் கையெழுத்துப் போட அவருக்கு மனம் வராது. அது சரிதானா என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. படம் அழகாக இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

கார்பன் துணியை அச்சில் அடுக்குவது ஓர் அக்கா. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்து மதராஸ் பக்கத்திலிருந்து வந்த தாத்தாவின் பேத்தி. பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் ஆனது எல்லாம் ரயில்வே காலனியில்தான். அவருடைய தமிழில் ஊர் உருது கலந்து வரும், ஆமாமுக்கு ஹவ், வேண்டாமுக்கு நக்கோ, ஏன் என்பதற்குக் கைக்கு. என்னுடையதில் ஆமாங்கவும் இல்லீங்கவும் வரும். முதல் வாரம் இருவருமே அடுத்தவர் பேசுவது தமிழ்தானா என்று சந்தேகப்பட்டோம். அப்புறம் மதியச் சாப்பாட்டைச் சேர்ந்து சாப்பிட ஆரம்பித்தோம்.

இப்படி இருக்கையில்தான் அந்தத் திட்டு வந்தது. சேர்ந்தாற்போல் செய்யும் ஒவ்வொரு தொகுதியிலும் முதல் பலகையில், தலைமாட்டில், வலது மூலையில் ஒரு வெள்ளைத் திட்டு. இரண்டாவது பலகையில் இருக்காது, அதற்கப்புறமும் இருக்காது. அடுத்த தொகுதி தொடங்கினால் முதல் பலகையில், அதே மூலையில் திரும்பவும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படி மாட்டிய பலகைகளைப் பரிசோதனை அறையின் ஓரத்தில், வகுப்பில் பெஞ்சு மேல் ஏற்றப்பட்டவர்களைப் போல் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தோம்.

முதலாளி நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம் உள்ள சிக்கல், அவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அதுவும் நல்ல முடிவுதான் என்று நம்பிவிடுவார்கள். சென்னையில் படித்தவர் என்பதால் என்னிடம் தமிழில்தான் பேசுவார்.

"முதல் பலகை பண்றப்ப அவங்களுக்குக் கை படியலம்மா. ரெண்டாவதுல படிஞ்சிடுது. வயசு ஆகுதுல்ல? மாசக் கடைசியில பேக்கிங்குக்கு மாத்திடலாம். உக்காந்து செய்யற வேலை, அவங்களுக்கும் நல்லது" என்றார்.

அந்த மூலை, அக்கா நிற்கும் பக்கத்தில், அவருடைய வலது கைக்கு நேரே வருவது. எனவே எல்லோருக்கும் இது பொருத்தமாகப் பட்டது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தைத் தவிர என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

இதையே முதலாளி சொன்னபோது அக்காவுக்குக் கோபம்கூட வரவில்லை. அவர் அதை நம்பிவிட்டார். சாப்பிடும்போது வலது கையை விரித்து மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்கம்மா ப்ளவுஸ் தைக்கிறவங்க மேடம். இந்த வயசுலதான் ஊசில நூல் கோக்க முடியாம போச்சு. அப்புறம் டம்ளர் பிடிக்க முடியல. கடேசில நான்தான் ஊட்டிவிட்டேன். கை நடுங்குறது வெளிய தெரியிறதுக்கு முன்னாடியே உள்ள ஆரம்பிச்சிடும்னு டாக்டர் சொன்னாரு. உங்க கேமரா அதைத்தான் பாத்திருக்கு."

"கேமரா பலகையத்தானுங்கக்கா பாக்குது. உங்க கையை இல்ல."

"பலகை என் கை செஞ்சது தானே?"

பேக்கிங் பிரிவு ஒன்றும் நரகம் இல்லை, அட்டைப்பெட்டிகளும் மின்விசிறியும் இருக்கும். ஆனால் அங்கே போனால், அம்மாவுக்கு வந்தது தனக்கும் வந்துவிட்டது என்று அக்கா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதற்கப்புறம் அவர் கை நடுங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நான் என் பொய்ப் பலகையிடம் போனேன். யோசனை எளிமையானது. கணினிக்குள் இருக்கும் பலகையில் அதே மூலையில் ஒரு குறையை நானே வைப்பேன். அதைச் சூடாக்கி ஆறவிட்டால், மேலே வெப்பம் எப்படி ஏறி எப்படி இறங்கியது என்று ஒரு கோடு கிடைக்கும். கேமரா பதிவு செய்த கோட்டோடு அது பொருந்தினால், குறை எந்த ஆழத்தில் இருக்கிறது, எந்த அடுக்கில் கை தவறியது என்று தெரிந்துவிடும். ஆழம் கூடக் கூடக் குறை தாமதமாகத்தான் வெளியே தெரியும். இரண்டு மடங்கு ஆழம் என்றால் நாலு மடங்கு தாமதம். வெப்பம் உள்ளே நடந்து போய், முட்டிக்கொண்டு நிற்க வேண்டுமே.

முதலில் குறையை அடியில், நுரைக்குப் பக்கத்தில் வைத்தேன். கேமராவின் திட்டு அதைவிட வெகு முன்னதாக வந்தது. ஓர் அடுக்கு மேலே ஏற்றினேன், அப்போதும் கேமராதான் முந்தியது. இன்னும் மேலே ஏற்றினேன். கார்பனில் வெப்பம் நூல் ஓடும் திசையில் வேகமாகவும் குறுக்கே சோம்பேறித்தனமாகவும் போகும், அதைத் தப்பாகக் கொடுத்துவிட்டேனோ என்று மாற்றிப் பார்த்தேன். விளக்கின் பலத்தை மாற்றினேன். எங்கள் தொழிலில் கணக்கும் நிஜமும் ஒத்துப்போகாவிட்டால் தப்பு கணக்கில்தான் என்பது எழுதாத சட்டம். நானும் சட்டத்தை மதித்து ஒரு வாரம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் குறையை மேல் அடுக்குக்கும் மேலே தூக்கி வைத்தபோதுதான் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. அதாவது குறை பலகையை விட்டே வெளியே வந்துவிட்டது.

பரிசோதகரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப குறை எங்க இருக்கு?"

"பலகைக்குள்ள இல்லீங்க. பலகை மேல."

"மேல என்ன இருக்கு? பெயின்ட் இருக்கு" என்றார். தானே அடித்த பெயின்ட் என்பதால் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

அடுத்த தொகுதி தொடங்கிய அன்று, முதல் பலகை அச்சிலிருந்து வெளியே வந்ததிலிருந்து அதன் பின்னாலேயே நடந்தேன், புதுப்பெண்ணின் பின்னால் நாத்தனார் போவது மாதிரி. அச்சிலிருந்து எடுத்தார்கள், ஓரங்களைத் தேய்த்தார்கள், பரிசோதனை அறை வாசலில் சாய்த்து வைத்தார்கள். அங்கே முதலாளி தட்டோடு வந்தார். ஒவ்வொரு தொகுதியிலும் முதல் பலகைக்கு அவர் பூஜை செய்வார். பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு நெற்றியில் வைத்து அனுப்புகிற மாதிரி, பரிசோதனைக்குப் போகும் பலகையின் தலைமாட்டில் மஞ்சளைக் குழைத்து வைத்து, அதன் நடுவில் குங்குமம் இடுவார். வலது கையால் வைப்பதால் அது வலது மூலையில் விழும். கற்பூரம் காட்டியதும் எல்லோருக்கும் சர்க்கரை. பிறகு ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கறுப்புப் பெயின்ட்.

இது ரகசியமாக நடந்த சடங்கு இல்லை. ஒவ்வொரு தடவையும் எல்லோரும் சுற்றி நின்று பார்த்ததுதான். அக்கா பார்த்திருக்கிறார். பரிசோதகர் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறார். நான் சர்க்கரையை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். பலகையின் மேற்பரப்பில் துணியின் நெசவுத் தடம் பள்ளமும் மேடுமாக இருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் மஞ்சள் போகாது, பள்ளத்துக்குள் போய் நன்றாக உட்கார்ந்துகொள்ளும். அதன்மேல் பெயின்ட் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. விளக்குப் போட்டதும், அடியில் பொடி இருப்பதால் வெப்பம் கீழே இறங்க வழியில்லாமல் அந்த இடம் மட்டும் உடனே சூடாகும். கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டு ஊரெல்லாம் மாலையைத் தேடியிருக்கிறோம்.

கண்டுபிடித்தது சுலபம், முதலாளியிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சாமி காரியத்தில் கம்ப்யூட்டரை எப்படி நுழைப்பது? மடிக்கணினியைத் திறந்து, கோடுகளைக் காட்டி, சுற்றி வளைத்து மஞ்சளுக்கு வந்தேன்.

அவர் கேட்டார்: "கம்ப்யூட்டருக்கு மஞ்சள் தெரியுமாம்மா?"

"தெரியாதுங்க சார். பலகைக்குள்ள குறை இல்லைன்னு மட்டும் தெரியும்."

"எங்க நாயனா காலத்துலேர்ந்து பண்றது. எந்த மெஷினும் கெட்டதில்ல."

"இப்பவும் கெடலைங்க சார். படத்துலதான் கெட்ட மாதிரி தெரியுது."

திட்டே இல்லாமல் தேறிய ஒரு பலகையைக் கொண்டுவரச் சொன்னார். அதன் நடுவில் தானே மஞ்சள் வைத்தார். சோதனைக்காக வைத்ததுதான், ஆனாலும் கண்ணை மூடி முணுமுணுக்காமல் அவருக்கு வைக்கத் தெரியவில்லை. துடைத்து, பெயின்ட் அடித்து, விளக்குப் போட்டோம். விளக்கு அணைந்ததும் பலகையின் நடுவில் வெள்ளைத் திட்டு ஒன்று எழுந்து நின்றது. முதலாளி திரையையும் தன் கட்டைவிரலையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஓரத்தில் நிறுத்தியிருந்த பலகைகளை வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி மறுபடி பார்த்தோம். ஒன்றில்கூடத் திட்டு இல்லை. அக்காவை அழைத்து முதலாளியே சொன்னார், துணி அடுக்கும் மேசை உங்களுடையதுதான், எங்கேயும் போக வேண்டாம் என்று. அக்கா தலையாட்டினார். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப என் கை நல்லாத்தான் இருக்கா மேடம்? ஹவ்வா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "ஹவ்" என்றேன். எனக்கு அந்தச் சொல் அன்றுதான் சரியாக வாயில் வந்தது. அன்று மதியம் அவர் டப்பாவிலிருந்த மாங்காய்ச் சாதம் முழுவதையும் எனக்கே வைத்துவிட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் பரிசோதகர் யோசிக்கக்கூடியவர். மறுநாள் வந்து, உட்காராமலே கேட்டார்.

"ஆழத்துல இருக்கற குறை லேட்டாத்தான் தெரியும்னு சொன்னீங்க."

"ஆமாங்க."

"நான் விளக்கு அணைஞ்ச உடனே பாத்துட்டு இருந்திருக்கேன்."

"ஆமாங்க."

"அப்ப நான் பாஸ் பண்ணதெல்லாம்?"

மேலே இருந்த மஞ்சளைக் குறை என்று பிடித்தோம், உள்ளே இருக்கும் குறையைப் பார்க்கும் நேரத்துக்கு முன்பே கேமராவை நிறுத்தினோம். அந்தப் பலகைகளில் ஆட்கள் படுக்கப் போகிறார்கள். எங்கள் பலகையின் தடிமனுக்கு எப்போது பார்க்க வேண்டும் என்று கணக்கைத் திரும்ப ஓட்டினேன். படம் நன்றாக மங்கின பிறகு, அவர் வழக்கமாக டீ குடிக்கக் கிளம்புகிற நேரத்தில்தான் பார்க்க வேண்டும் என்று வந்தது. வெளியே போன பலகைகளை முதலாளி தயங்காமல் திரும்ப வரவழைத்தார். அவற்றில் ஒன்றுமில்லை. கட்டிவைத்து அனுப்பக் காத்திருந்தவற்றைப் பிரித்துப் பார்த்தோம். அவற்றில் ஒரு பலகை, விளக்கு அணைந்தபோது சுத்தமாக இருந்தது. மங்கியது. பிறகு இடுப்பு வருகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு மெதுவாக மேலே வந்தது. அதன் ஒரு விளிம்பு நேர்க்கோடாக இருந்தது. அடுக்குகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட காற்றுக்கு நேர்க்கோடு போடத் தெரியாது. கத்திரிக்கோல் பட்ட ஏதோ ஒன்று உள்ளே இருந்தது.

என் கணக்கோடு அது அப்படியே பொருந்தியது. வாழ்க்கையில் முதல் முறையாக என் கணக்கு தப்பாக இருக்கக் கூடாதா என்று ஆசைப்பட்டேன்.

அக்கா வந்து பார்த்தார். முதலாளி பலகையை அறுக்கச் சொன்னார். அறுத்து, அடுக்கைப் பிரித்தபோது உள்ளே ஒரு நீலப் பிளாஸ்டிக் தாளின் துண்டு இருந்தது. கார்பன் துணி ஒவ்வொன்றின் முதுகிலும் அப்படி ஒரு தாள் ஒட்டி வரும். உரித்துவிட்டுத்தான் அடுக்க வேண்டும். இது உரிக்கும்போது கிழிந்து ஒரு துண்டு தங்கிவிட்டது. அடுக்கும் வேலை கற்றுக்கொள்ள வரும் புதியவர்கள் முதல் நாளே செய்துவிட்டுத் திட்டு வாங்கும் தப்பு.

"இது என்னுதுதான்" என்றார் அக்கா, யாரும் கேட்பதற்கு முன்பே. "பேக்கிங்குக்கு மாத்தப்போறோம்னு சார் சொன்ன வாரம் பண்ணது. அந்த மூலையையே பாத்துட்டு இருந்தேன். உருளையால அழுத்துவேன், மறுபடி அழுத்துவேன். கை நடுங்குதான்னு பாப்பேன். நடுவுல என்ன வெச்சேன்னே பாக்கல."

இல்லாத ஒரு குறையை மூலையில் காட்டி, இருக்கிற ஒரு குறையை நடுவில் வைக்கச் செய்திருந்தோம், எல்லோருமாகச் சேர்ந்து. எனக்கு அழுகை வந்தது. பரிசோதகர் விளக்குகளின் வயரைச் சுற்ற ஆரம்பித்தார், இன்னும் சோதிக்க வேண்டிய பலகைகள் இருந்தும். முதலாளி அந்த நீலத் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல எது அவங்க தப்பு, எது நம்ம தப்புன்னு உங்க கம்ப்யூட்டர்ல வருமாம்மா?"

"வராதுங்க சார்."

"அப்ப விடுங்க. மேசை அவங்களுதுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறப்பதற்குள் அக்கா என்னைத் தோளில் தொட்டார்.

"ஒண்ணு கேக்கறேன் மேடம். இது கையால வந்த தப்பா?"

"இல்லீங்கக்கா. கவனம் வேற பக்கம் போனதால வந்தது."

"புத்தி தானே?"

"ஆமாங்க. புத்திதான்."

அவர் முகம் முழுக்கச் சிரித்தார். அறுத்துப் போட்ட பலகை காலடியில் கிடக்க, ஒரு மனுஷி அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"கைக்கு மேடம், ஏன் அழறீங்க? புத்தி போனா திரும்ப வந்துடும். கை போனா வராது. எங்கம்மாவுக்கு வரல."

சொல்லிவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு, அச்சு அறைக்குப் போனார்.